படத்தில் யாராவது சாப்பிட்டு முடித்திருக்கிறார்களா?

ஒரு வாசகர் கேட்டது:
தமிழ்ப் படத்திலும் சீரியலிலும் சாப்பாட்டுக் காட்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் யாராவது ஒருவர் மோர் சாதம் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு எழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

எனக்கும் வரவில்லை. எல்லாப் படத்திலும் ஒரே கதைதான். உட்காருவார்கள், அம்மா இட்லி வைப்பார், முதல் வாய் போகும், அந்த நேரம் பார்த்து அப்பா கல்யாணப் பேச்சையோ அரியர் பேப்பர் பேச்சையோ எடுப்பார், மகன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவான். அம்மா "சாப்பிட்டுட்டுப் போடா" என்பார். கதவு சாத்தும் சத்தம். அவ்வளவுதான். வில்லன் என்றால் இன்னும் மோசம், கோழிக் காலைக் கடித்துக்கொண்டே ஆளை வெட்டச் சொல்வார், அந்தக் கோழிக்கால் பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

சின்ன வயதில் நானும் ஒரு ராத்திரி ரோஷப்பட்டுச் சோற்றுத் தட்டில் கை கழுவப் பார்த்தேன். அப்பத்தா கையில் இருந்த குழம்புக் கரண்டியாலேயே மணிக்கட்டில் ஒன்று போட்டார். சினிமாவில் அப்படி ஓர் அப்பத்தாவை யாரும் நடிக்க வைத்ததில்லை.

மார்ச் 3, காலை

ஏன் இல்லை என்பதற்குத் தொழில் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரே சாப்பாட்டுக் காட்சியை எதிரிலிருந்து, பக்கத்திலிருந்து, கையை மட்டும் கிட்டத்தில் என்று பல கோணங்களில் எடுப்பார்கள். எல்லாவற்றிலும் இலையில் இருக்கும் சோறு ஒரே அளவாக இருந்தாக வேண்டும். கண்டினியூட்டி. நடிகர் உண்மையாகவே சாப்பிட ஆரம்பித்தால் ஒவ்வொரு டேக்குக்கும் இலையைப் பழையபடி நிரப்பித் தர ஆள் வேண்டும், அவருக்கும் வயிறு ஒன்றுதானே. அதனால் பிசைவார்கள். பிசைந்துகொண்டே பேசுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கையைக் கவனியுங்கள், சாம்பார் சாதத்தை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். பசியோடு உட்கார்ந்த எவரும் அப்படிப் பிசைய மாட்டார்கள்.

இன்னொன்று டப்பிங். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசிய வசனத்துக்குப் பிற்பாடு ஒலிப்பதிவு அறையில் நின்று வெறும் வாயால் உதடு பொருத்துவது லேசான வேலையாக இருக்காது. அதற்குப் பேசாமல் வசனத்தை முடித்துவிட்டுக் கை கழுவிவிடலாம்.

மார்ச் 3, மதியம்

பரோட்டா சூரியை மறந்துவிட்டீர்களா என்று இந்த இழையில் ஒருவர் கேட்கிறார். மறப்பேனா. வெண்ணிலா கபடிக்குழு, 2009. அவருக்கு அந்தப் பட்டமே அந்தக் காட்சியில்தான் வந்தது. 50 பரோட்டா பந்தயம். கோடு போட்டு எண்ணுகிறார்கள், கணக்கில் தகராறு வருகிறது, சரி எல்லாக் கோட்டையும் அழி, நான் முதலில் இருந்து சாப்பிடுகிறேன் என்கிறார். கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தமிழ் சினிமாவின் ஆகப் பெரிய சாப்பாட்டுக் காட்சியிலேயே ஆள் முடிக்கவில்லை, மறுபடி ஆரம்பிக்கிறார்.

மார்ச் 4

ஒன்று கிடைத்துவிட்டது! மாயாபஜார், 1957. கல்யாண சமையல் சாதம். எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண வீட்டுப் பலகாரம் அத்தனையையும் காலி செய்வார். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும். மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரம், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது. பாடியவர் திருச்சி லோகநாதன். அந்த நடுச்சிரிப்பை யாரும் இன்றுவரை ஒழுங்காகத் திருப்பிப் பாடி நான் கேட்டதில்லை, கல்யாண மேடைக் கச்சேரிகளில் முயற்சி செய்பவர்கள் எல்லோரும் இருமலில்தான் முடிக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். சாப்பிட்டு முடித்தவர் அரக்கியின் மகன். மனுஷன் யாரும் முடித்ததாகத் தகவல் இல்லை.

மார்ச் 4, சற்று கழித்து

ரங்காராவ் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குப் பசிக்கிறது. இது எல்லா நடிகரிடமும் நடக்காது. சிலர் திரையில் பிரியாணியே சாப்பிட்டாலும் மாத்திரை விழுங்குவது போல இருக்கும். நல்ல நடிகரா இல்லையா என்பதற்கு அழுகைக் காட்சியை வைக்காமல் இட்லிக் காட்சியை வைத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி. இட்லியை எந்த அளவுக்குப் பிய்க்கிறார், சட்னியை ஒற்றுகிறாரா முக்குகிறாரா, அதில் தெரிந்துவிடும்.

மார்ச் 6

சாமி படத்தில் விக்ரம் இட்லியில் பீர் ஊற்றிச் சாப்பிட்டது கணக்கில் வருமா என்று கேட்டவருக்கு: வராது. அது இட்லிக்குச் செய்த துரோகம். 2003இல் அந்தப் படம் வந்தபோது எங்கள் விடுதியில் ஒருவன் செய்து பார்த்தான். மிச்சத்தை விடுதி நாய்கூடத் தொடவில்லை.

மார்ச் 7

சீரியல் பக்கம் யாரும் போகவில்லையே என்று பார்த்தேன். அங்கேதான் நிலைமை படுமோசம்.

சீரியல் வீட்டு டைனிங் டேபிளைக் கவனித்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு பழக்கூடை இருக்கும். ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சைக் கொத்து. பல வருஷம் ஓடும் சீரியலில் அதே ஆப்பிள். யாரும் எடுத்துக் கடிக்க மாட்டார்கள், கடித்தால் பல் போய்விடும் என்று எனக்குச் சந்தேகம். டேபிளைச் சுற்றி எட்டுப் பேர், ஆனால் கேமராவுக்கு முதுகு காட்டி ஒருவரும் உட்கார மாட்டார்கள், ஒரு பக்கம் காலியாகவே கிடக்கும். மருமகள் பாத்திரத்தைத் திறப்பாள், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள், மாமியார் ஒரு வாய் வைப்பார், முகம் மாறும், மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து முகத்தைக் காட்டுவார்கள், இடிச் சத்தம், தொடரும். உப்பு போடவில்லை என்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். உப்பு இல்லையென்றால் எங்கள் வீட்டில் உப்பு டப்பாவை எடுத்து வைப்பார்கள். கதை முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரே ராத்திரிச் சாப்பாட்டை இந்த சீரியல் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்தது. சித்தி ஓடிய காலம், அப்புறம் மெட்டி ஒலி ஓடிய காலம், எங்கள் தெருவில் தோசைக்கல் அடுப்பில் ஏறுவதும் இறங்குவதும் விளம்பர இடைவேளைப்படி. கேபிள் வருவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும். அதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் சோறு உடம்பில் ஒட்டாதாம். இப்போது அவரே தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் செய்தி விவாதம் பார்க்கிறார். கத்தலுக்கு நடுவில் ரசம் சாதம் எப்படித்தான் இறங்குகிறதோ.

மார்ச் 7, இரவு

குக் வித் கோமாளியை விட்டுவிட்டேன் என்கிறார்கள். 2019 கடைசியில் தொடங்கியது. முதல் சீசன்களில் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக இருந்தபோது நான் விடாமல் பார்த்தேன், சமையலுக்காகப் பார்த்தேன் என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் அங்கேயும் பாருங்கள், இத்தனை பாடுபட்டுச் செய்த பதார்த்தத்தில் நடுவர் எடுப்பது ஒரு ஸ்பூன். ஒன்றே ஒன்று. கண்ணை மூடுகிறார், பாராட்டுகிறார், அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறார். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து அந்த மிச்சம் எங்கே போகும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். லைட்மேன்கள் சாப்பிட்டால் சந்தோஷம்.

மார்ச் 9

பேச்சு தியேட்டர் தீனிக்குத் திரும்பிவிட்டது, நல்லதுதான், எனக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

அம்மா காலத்து டூரிங் டாக்கீஸ் கதையைக் கேட்டால் படத்தைவிடத் தீனிதான் அதிகம். மண்ணைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்துகொள்வார்களாம், பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவாராம், இடைவேளையில் முறுக்கும் வேர்க்கடலையும் கூடையில் வரும், கலர் பாட்டில் ஓப்பனரால் தட்டிக்கொண்டே ஒரு பையன் வருவான். வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதும் உண்டு. யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது பையைத் திறந்து பார்க்கிறார்கள். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது, குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும். ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொல்லியிருந்தது, அதன் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு. விசாரணையில் ஜிலேபி தின்றுவிட்டு விரலை சீட்டில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று நீதிபதி கேட்டார். நியாயமான கேள்விதான். நான் போன மாதம் போன தியேட்டரில் யாரும் ஜிலேபி கொண்டுவரவில்லை, ஆனாலும் என் சீட்டின் கைப்பிடி பிசுபிசுவென்று இருந்தது, அது அவர்களே விற்ற கேரமல் பாப்கார்ன்.

பாப்கார்ன் மேல் எனக்குக் கோபம் இல்லை. விலை மேல்தான். டிக்கெட்டைவிடப் பாப்கார்ன் விலை ஏறிப்போனால் நான் சோளம் பார்க்க வந்தேனா படம் பார்க்க வந்தேனா? முட்டை பப்ஸ் கொடுங்கள், போதும். மேல் ஓடு உதிர்ந்து சட்டையெல்லாம் விழ வேண்டும், உள்ளே வெங்காயம் கொஞ்சம் கருகியிருக்க வேண்டும், பாதி முட்டை ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். இடைவேளைக்கென்றே கடவுள் படைத்த பண்டம்.

மார்ச் 10

மதுரைக்காரருக்கு: ஜிகர்தண்டா இடைவேளையில் குடிக்கக் கூடாது. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதற்கு மேல் ஐஸ்கிரீம், இவ்வளவும் உள்ளே போனால் இரண்டாம் பாதி முழுக்கத் தூக்கம். படம் விட்டு வந்து குடியுங்கள். மோசமான படம் என்றால் முதலிலேயே குடித்துவிட்டுப் போங்கள்.

மார்ச் 14

சில நாள் இந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கண்டினியூட்டி, டப்பிங் என்று மேலே சொன்னது சரிதான், இருந்தாலும் அது பாதிதான் என்று இப்போது படுகிறது.

தி கிரேட் இந்தியன் கிச்சன் மறுபடி பார்த்தேன். ஜியோ பேபியின் மலையாளப் படம், 2021. தமிழிலும் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து 2023இல் வந்தது, எனக்கு மலையாளம்தான் பிடிக்கும், அங்கே பின்னணி இசையைச் சும்மா விட்டுவிட்டுப் பாத்திரச் சத்தத்தை மட்டும் கேட்க வைப்பார்கள். அதில் ஆண்கள் சாப்பிட்டு முடிக்கிறார்கள்! நன்றாகவே முடிக்கிறார்கள். மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை மேஜை மேலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அதற்குப் பிறகுதான் கேமரா நிற்கிறது. அந்த மேஜையில் அதே சக்கைக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அப்புறம் துடைக்க வேண்டும், தொட்டிக் குழாய் ஒழுகுகிறது, யாரும் சரிசெய்ய மாட்டேன் என்கிறார்கள்.

அதாவது ஒருவர் சாப்பிட்டு முடித்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும், தட்டை யார் எடுத்தது? நம் படங்களில் மகன் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவதால் அந்தக் கேள்வி வராமலே போய்விடுகிறது. நமக்கு மகன் சாப்பிடாமல் போகிறானே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்த அம்மா சாப்பிட்டாரா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்துப் பாருங்கள், பரிமாறாத அம்மா தமிழ்ப் படத்தில் யார்? உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா யார்? முதல் கேள்விக்குக் கஷ்டப்பட்டு ஒன்றிரண்டு தேறும். இரண்டாவதற்கு எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

மார்ச் 14, இரவு

மேலே போட்டதற்கு "பிரசங்கம் ஆரம்பித்துவிட்டீர்கள்" என்று ஒருவர். சரி, பிரசங்கம் வேண்டாம், எங்கள் வீட்டு நடப்பைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால் அம்மா கடைசியில் அடுப்படியிலேயே உட்கார்ந்து வெறும் குழம்பும் எலும்பும் போட்டுச் சாப்பிடுவார். எனக்கு எலும்புதான் பிடிக்கும் என்பார். பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். தங்கைக்குக் கல்யாணம் ஆகி மறுவீட்டுக்கு வந்தபோது அவள்தான் கேட்டாள், "ஏம்மா, ஒனக்கு நெசமாவே ஈரல் பிடிக்காதா?" அம்மா, "ஈரல் பிடிக்காதவங்க யாருடி இருக்கா" என்றார். அதிலிருந்து ஈரல் முதலில் அம்மாவுக்குத்தான். இப்போது அப்பாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைப்பதற்கே அம்மா யோசிக்கிறார்.

மார்ச் 15

நெல்லைக்காரர் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டுத் தொடையைத் தட்டினேன். முள்ளும் மலரும்! 1978. நித்தம் நித்தம் நெல்லுச் சோறு. எப்படி விட்டுப்போயிற்று எல்லோருக்கும்?

படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்கா. காளியின் மனைவி. காளியாக நடித்த ரஜினியைப் பற்றியும் இயக்குநர் மகேந்திரனைப் பற்றியும் பேசிப் பேசி மங்காவை ஓரத்தில் விட்டுவிட்டோம். அவளுக்குச் சாப்பாட்டு ஆசை, அதை ஒளிக்காமல் சொல்கிறாள், அதற்கு இளையராஜா ஒரு பாட்டே போட்டுக் கொடுத்திருக்கிறார், வாணி ஜெயராம் பாடியது. அந்தப் பாட்டில் வரும் மெனுவைக் கேளுங்கள்: நெல்லுச் சோறு, நெய்யில் மணக்கும் கத்தரிக்காய், முந்தின நாள் வைத்த மீன் குழம்பு. கல்யாணப் பந்திப் பட்டியல் கிடையாது. வீட்டில் மூடி வைத்திருக்கும் சட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை. கடோத்கஜன் பாட்டுக்கு நான் சிரிப்பேன், இந்தப் பாட்டுக்கு எனக்கு நாக்கு ஊறும்.

வாணி ஜெயராம் அதைப் பாடியிருக்கும் விதமும் தனி. மீன் குழம்பு என்கிற இடத்தில் கொஞ்சம் குழைவார். சுத்த கர்நாடக சங்கீதம் பாடும் குரல், மீன் குழம்புக்காக இறங்கி வருகிறது. முந்தின நாள் மீன் குழம்பு ஏன் ருசி என்று கேட்ட சென்னைக்காரருக்கு: புளியும் காரமும் ஒரு ராத்திரி மீனில் இறங்க வேண்டும், மண்சட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் பழைய சோற்றுக்கு அதை ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மார்ச் 17

காக்கா முட்டையைச் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். பிடித்த படம்தான். மணிகண்டன் எடுத்தது, 2015இல் தியேட்டருக்கு வந்தது. பீட்சாவுக்காகப் படம் முழுக்கக் கரி பொறுக்கிக் காசு சேர்த்த பையன்கள், கடைசியில் வாயில் வைத்துவிட்டு ஆயா சுட்ட தோசையே தேவலை என்கிறார்கள். ஆகவே அவர்களும் முடிக்கவில்லை, கேள்வி கேட்டவர் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் அந்த முடிவு எனக்கு முழுக்க ஒப்பவில்லை. இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள். முதல் தடவை பீட்சா சாப்பிடும் பத்து வயதுப் பையனுக்கு அது பிடிக்காமல் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு? எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன்கள் எல்லாம் கோந்து மாதிரி இழுத்து இழுத்துச் சாப்பிடுகிறார்கள். பிடித்திருந்தால் கதை இன்னும் கசந்திருக்கும். பிடித்துப்போய், இனிமேல் கிடைக்காது என்று தெரிந்து வீட்டுக்குப் போவது. அப்படி முடித்திருந்தால் யாரும் சிரித்துக்கொண்டு வெளியே வந்திருக்க மாட்டோம், அதனால்தான் தோசை ஜெயித்தது என்று நினைக்கிறேன். ஆயா தோசை மாவில் குடைமிளகாயும் வெங்காயமும் போட்டு ஒரு பீட்சா சுட்டுத் தருவாரே, அந்தக் காட்சி மட்டும் போதும், தங்கம்.

மார்ச் 18

அடிக்க வந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். கருத்தில் மாற்றம் இல்லை.

மார்ச் 22

இழை எங்கோ போய், இப்போது எந்த ஊர்ப் பரோட்டா என்ற சண்டையில் நிற்கிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை அப்பளம் என்று சொன்னவரோடு எனக்குப் பேச்சு கிடையாது. எண்ணெயில் பொரித்து எடுப்பதுதான், மேல் பக்கம் மொறுமொறு, பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது அப்பளம்தான்.

சால்னா செய்முறை கேட்டவருக்கு, எங்கள் வீட்டு வழி, கடை வழி இல்லை. பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு தாளித்து வெங்காயத்தை நன்றாகச் சிவக்க விடுங்கள், தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், ஒரு கைப்பிடி எலும்போடு கறி இருந்தால் போட்டு வேக வையுங்கள், இல்லையென்றால் விடுங்கள். தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை நைசாக அரைத்து ஊற்றித் தண்ணீர் தாராளமாகச் சேர்க்க வேண்டும். குருமா மாதிரி கெட்டியாக வந்தால் அது சால்னா இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கட்டும். மாவு பிசைந்து, வீசி, அடுக்கு எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம், பரோட்டாவைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நாங்களும் அப்படித்தான்.